ரெக்கார்டு கிளப்பா, ரசிகர் வட்டமா? புதிய இசையைத் தேடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவனிடம் முதலில் ஊசியின் விலையைக் கேட்கிறார்கள். அடுத்ததாக, மாதச் சந்தா கட்டினால் இசைத்தட்டு அனுப்புகிறார்களாமே, அதில் சேரலாமா, அல்லது விஷயம் தெரிந்த ரசிகர்களோடு பழகினால் போதுமா என்று கேட்கிறார்கள். நான்கைந்து ஆண்டுகளாக ஒரே பதிலைத் துண்டுதுண்டாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. இந்த இரண்டு வழக்கங்களும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வேர்விட்டு வளர்ந்தவை என்பதால் உதாரணங்களும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன.

1. ரெக்கார்டு கிளப் என்றால் என்ன? நம் ஊர் ரசிகர் மன்றம் மாதிரி ஒன்றா?

இல்லை. ரெக்கார்டு கிளப் என்பது ஒரு சந்தா ஏற்பாடு. மாதத்துக்கு ஒருமுறையோ மூன்று மாதங்களுக்கு ஒருமுறையோ நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். எந்த இசைத்தட்டு உங்களுக்கு வர வேண்டும் என்பதை முழுவதுமாகவோ ஓரளவுக்கோ வேறொருவர் தீர்மானித்துத் தபாலில் அனுப்புகிறார். 1960களில் சென்னையில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி நடத்திய 'வாசகர் வட்டம்' சந்தாதாரர்களுக்கு நூல்களை அனுப்பியதைக் கேள்விப்பட்டவர்கள், புத்தகம் இருந்த இடத்தில் இசைத்தட்டை வைத்துப் பார்த்தால் போதும்.

ரசிகர் வட்டம் என்று நான் இங்கே குறிப்பிடுவது கட் அவுட்டும் கொடியும் வைக்கிற மன்றத்தை அன்று. ஒரு வகை இசையின் மீது பித்துக் கொண்ட சிலர், யாரும் யாருக்கும் சம்பளம் தராமல், பதிவுகளையும் தகவல்களையும் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் கூட்டம் அது. அதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் யாரும் கிடையாது. ஓயாமல் வாதாடுகிறவர்கள் மட்டும் உண்டு.

2. ஒரு பென்னிக்குப் பன்னிரண்டு ரெக்கார்டு கொடுத்தார்கள் என்று சொல்கிறார்களே, அது உண்மையா? அப்படிக் கொடுத்தால் கட்டுப்படியாகுமா?

உண்மைதான்; கட்டுப்படியாகவும் செய்தது. கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் 1955இல் தன் ரெக்கார்டு கிளப்பைத் தொடங்கியது. இந்தியானா மாநிலத்தின் டெர்ரே ஹோட் நகரத்திலிருந்து தட்டுகள் தபாலில் போயின. 1958இல் கேபிட்டலும் ஆர்.சி.ஏ. விக்டரும் அதே வழியில் இறங்கின. காலப்போக்கில், கிட்டத்தட்ட இலவசமாக ஒரு கட்டுத் தட்டுகளைக் கொடுத்து உறுப்பினராகச் சேர்ப்பதும், அடுத்த சில ஆண்டுகளுக்குள் இத்தனை தட்டுகளை முழு விலைக்கு வாங்கியாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கட்டிப்போடுவதும் இந்தக் கிளப்புகளின் அடையாளமாயின. முழு விலையோடு தபால் கட்டணமும் சேரும் என்பதால் பென்னிக்கு விட்டதை அங்கே பிடித்துவிடுவார்கள். பல ஒப்பந்தங்களின்படி, கிளப் வழியாக விற்ற தட்டுக்குக் கலைஞருக்கு வழக்கமான உரிமத் தொகையில் பாதிதான். இலவசமாகக் கொடுத்த தட்டுக்கு ஒன்றுமே இல்லை. உங்களுக்குக் கிடைத்த சலுகையின் ஒரு பங்கைப் பாடியவர் சுமந்தார் என்று இதற்குப் பொருள்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது மாதா மாதம் வரும் அட்டை. 'இந்த மாதத் தேர்வு இன்ன தட்டு. வேண்டாம் என்றால் இந்த அட்டையைக் குறித்து இத்தனாம் தேதிக்குள் திருப்பி அனுப்பவும்' என்று அதில் இருக்கும். நீங்கள் மறந்துவிட்டால் தட்டும் பில்லும் வீடு தேடி வந்துவிடும். 1926இல் தொடங்கிய ஓர் அமெரிக்கப் புத்தகக் கிளப்பிடமிருந்து கற்ற முறை இது. பேசாமல் இருப்பதையே சம்மதமாக எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைப் பற்றிப் புகார்கள் குவிந்த பிறகு, 1973இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இதற்கென்று தனி விதி வகுத்து, உறுப்பினர் யோசித்துப் பதில் அனுப்பக் குறைந்தது 10 நாள் அவகாசம் இருக்க வேண்டும் என்றது. பெரிய கிளப்புகளின் காலம் பின்னர் மெதுவாக முடிந்தது: ஆர்.சி.ஏ. கிளப்பின் வாரிசான பி.எம்.ஜி. 2009இல் இசைத்தட்டுத் தபால் விற்பனையை நிறுத்தியது. கொலம்பியா கிளப்பின் பிற்காலப் பெயரான கொலம்பியா ஹவுஸை வைத்திருந்த நிறுவனம் 2015இல் திவால் மனு கொடுத்தது.

3. அந்தப் பெரிய கிளப்புகள் மூலமாக யாராவது புது இசையைக் கண்டுபிடித்தார்களா, இல்லை மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டதோடு சரியா?

நல்ல ரெக்கார்டு கடையே இல்லாத சிற்றூர்களில் வாழ்ந்தவர்களுக்கு அவை பெரிய உதவி செய்தன என்பதை மறுக்க முடியாது. எழுபது மைல் பயணம் செய்தால்தான் ஒரு சிம்ஃபனி கிடைக்கும் என்ற நிலையில் இருந்தவருக்குத் தபால்காரர்தான் கடை.

ஆனால் கையில் கிடைப்பது வேறு, கண்டடைவது வேறு. 1955இல் கொலம்பியா கிளப்பில் சேர்ந்தவர் செவ்வியல் இசை, கேட்கவும் ஆடவும் ஏற்ற இசை, மேடை நாடக மற்றும் திரையிசை, ஜாஸ் என்ற நான்கு பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நீங்கள் ஏற்கெனவே எதை விரும்புகிறீர்களோ அந்தப் பெட்டிக்குள் உட்கார வைத்து, அந்தப் பெட்டியில் அதிகம் பேருக்குப் பிடிக்கக்கூடியதையே அனுப்புவார்கள். அட்டையைத் திருப்பி அனுப்ப மறக்கிறவர் கோபித்துக்கொண்டு விலகிவிடாத அளவுக்கு மாதத் தேர்வு பாதுகாப்பானதாக இருக்க வேண்டும். அப்படி ஒரு கணக்கு இருக்கும்போது, யாரும் கேட்டிராத ஒருவரை அங்கே எதிர்பார்ப்பது வீண்.

4. ரசிகர் வட்டத்துக்கு ஒரு நல்ல உதாரணம் சொல்லுங்கள்.

கிரேட்ஃபுல் டெட் (சுருக்கமாக டெட்) என்ற கலிஃபோர்னியா இசைக்குழுவைச் சுற்றி உருவான டேப் பரிமாற்ற வட்டத்தை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. 1965 முதல் 1995இல் அதன் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா இறக்கும் வரை இந்தக் குழு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகளைச் செய்தது. ஒரு நாள் வாசித்ததை மறுநாள் அப்படியே வாசிக்காது. நம் கச்சேரி ரசிகர்களுக்கு இதன் ருசி உடனே புரியும்: அதே கல்யாணியை ஒருவர் போன டிசம்பரில் பாடியதும் இந்த டிசம்பரில் பாடியதும் ஒன்றாகிவிடுமா? ஆகவே ரசிகர்கள் அரங்கத்துக்குள் டேப் ரெக்கார்டரைக் கொண்டுபோய்ப் பதிவு செய்தார்கள். 1971இல் வெளிவந்த ஓர் இசைத்தட்டின் உறையில், நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டு ரசிகர்களை எழுதச் சொன்னது குழு. ஏறத்தாழ அதே காலத்தில் நியூயார்க்கின் புரூக்ளினில் டேப்புகளைக் கைமாற்றிக்கொள்ளும் வட்டம் ஒன்று உருவாகி, 1974இல் அதிலிருந்து ஒரு பத்திரிகையே கிளம்பியது. மைக்குகளின் காடு பெருகிப் பிறருடைய பார்வையை மறைக்கத் தொடங்கியதும், குழு அவர்களை விரட்டாமல், 1984 அக்டோபரில் பதிவு செய்பவர்களுக்கென்று அரங்கத்தில் தனி இடமே ஒதுக்கிவிட்டது.

இதன் விளைவைக் கவனியுங்கள். 1977 மே 8 அன்று கார்னல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரி, எந்த நிறுவனமும் வெளியிடாமலே, டேப் வழியாக மட்டுமே புகழ்பெற்றது. குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் எடுத்த அந்தக் காலத்துப் பதிவுகள் 1986இல் வாடகைக் கிடங்கு ஏலம் ஒன்றில் வெளியார் கைக்குப் போய், அங்கிருந்து நகல்களாகப் பரவின. 2011ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்தக் கச்சேரியைச் சேர்த்தது. அதிகாரபூர்வமான வெளியீடு 2017இல்தான் வந்தது. நாற்பது ஆண்டுகள் ஒரு பதிவைத் தூக்கிச் சுமந்து, இது கேட்கத் தகுந்தது என்று அடுத்தவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தவர்கள் ரசிகர்கள்தாம்.

5. காசு வாங்காமல் யார் டேப் அனுப்புவார்கள்? ஏதாவது உள்குத்து இருக்குமே?

உள்குத்து இல்லை, விதிதான் இருந்தது. விற்கக் கூடாது என்பது அந்த வட்டத்தின் மாறாத கட்டளை. பரிமாறிக்கொள்ள உங்களிடம் டேப் இருந்தால் ஒன்றுக்கு ஒன்று. புதியவர் என்றால், வெற்று கேசட்டுகளையும் திரும்பி வருவதற்கான தபால் தலைகளையும் அனுப்பினால் யாராவது ஒருவர் பதிவு செய்து திருப்பி அனுப்புவார். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதியப் பதிய இரைச்சல் ஏறும் என்பதால், ஒவ்வொரு நகலும் மூலத்திலிருந்து எத்தனையாவது தலைமுறை என்று எழுதி வைக்கும் ஒழுக்கமும் இருந்தது. கேசட் அட்டையில் தேதி, ஊர், பாடல் வரிசை எல்லாவற்றையும் பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். அந்தக் கையெழுத்தைப் படித்துப் படித்தே பலர் அந்தக் குழுவின் வரலாற்றைக் கற்றார்கள்.

எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் நம் ஊர்களில் இருந்த பாட்டுப் பதிவுக் கடைகளை அறிந்தவர்களுக்கு இதில் பாதி பழக்கமானது. பட்டியல் எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிட கேசட்டிலோ தொண்ணூறு நிமிட கேசட்டிலோ பதிந்து கொடுப்பார்கள். கடைசியில் மூன்று நிமிடம் மிச்சம் இருந்தால் கடைக்காரர் தனக்குப் பிடித்த ஒன்றைப் போட்டு நிரப்புவார். நான் கேட்காமலே கிடைத்த அந்தக் கடைசிப் பாட்டுகளுக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

6. ஒரே குழுவின் முந்நூறு கச்சேரியைக் கேட்பது எப்படி 'புது இசையைக் கண்டுபிடிப்பது' ஆகும்?

இந்தச் சந்தேகம் நியாயமானது. வட்டம் உங்களை ஆழத்துக்குக் கொண்டுபோகும். பக்கவாட்டில் கொண்டுபோகும் என்று உறுதி சொல்ல முடியாது. டெட் ரசிகர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு இருந்தது: அந்தக் குழு மெர்ல் ஹாகர்டின் கன்ட்ரி பாட்டையும் ரெவரண்ட் கேரி டேவிஸின் பழைய பக்தி ப்ளூஸையும் தன் கச்சேரிக்குள் எடுத்துக்கொண்டது. 'இதை முதலில் பாடியது யார்' என்று கேட்கத் தொடங்கிய ரசிகர் 1930களுக்குப் போய்விடுவார். இப்படிப் பின்னோக்கிய கதவுகள் இருக்கும் வட்டத்தில் ஆழமே அகலமாகிவிடுகிறது. கதவுகள் இல்லாத வட்டங்களும் உண்டு. அங்கே பத்தாண்டுகள் கழித்தும் அதே நான்கு தட்டுகளின் எந்த அச்சு சிறந்தது என்றே பேசிக்கொண்டிருப்பார்கள்.

7. ரசிகர்கள் நிஜமாகவே யாரையாவது கண்டுபிடித்திருக்கிறார்களா? அதாவது, உலகமே மறந்துபோன ஒருவரை?

கண்டுபிடித்திருக்கிறார்கள், அதுவும் சொல்லின் நேர்ப்பொருளில். மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற ப்ளூஸ் பாடகர் 1928இல் ஓக்கே இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் சில பாடல்களைப் பதிவு செய்தார், தட்டுகள் விற்கவில்லை, பொருளாதார வீழ்ச்சியில் நிறுவனமும் தளர்ந்தது, அவர் ஊருக்குத் திரும்பி விவசாய வேலைக்குப் போய்விட்டார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளைச் சேகரிக்கும் ஒரு சிறு வட்டத்துக்குள் அவருடைய பாட்டு ஒன்று சுற்றி வந்தது. அதில் அவர் ஆவலான் என் சொந்த ஊர் என்று பாடியிருந்தார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, பழைய வரைபடத்தில் ஊரைத் தேடி எடுத்து, டாம் ஹாஸ்கின்ஸ் என்ற ரசிகர் 1963இல் மிசிசிப்பியின் ஆவலானுக்குப் போனார். எழுபது வயதை ஒட்டிய ஹர்ட் அங்கேயே இருந்தார். அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாடினார். 1966இல் இறப்பதற்குள் புதிய தட்டுகளையும் பதிவு செய்தார். 1964 ஜூனில் ஸ்கிப் ஜேம்ஸ், சன் ஹவுஸ் என்ற வேறு இரு ப்ளூஸ் பாடகர்களையும் இதேபோல் வெவ்வேறு ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

இந்த வேலையை எந்தச் சந்தா கிளப்பும் செய்திருக்காது. ஒரு பாட்டின் வரியை அந்த அளவுக்குக் காது கொடுத்துக் கேட்பதற்குச் சம்பளம் எங்கும் கிடையாது.

8. அப்படியானால் கிளப் எல்லாமே வெறும் வியாபாரம், வட்டம்தான் உயர்ந்தது என்று சொல்லிவிடலாமா?

சொல்ல முடியாது. சியாட்டிலின் சப் பாப் நிறுவனம் 1988 நவம்பரில் தொடங்கிய சிங்கிள்ஸ் கிளப்பைப் பாருங்கள். முன்பணம் கட்டியவர்களுக்கு மாதம் ஒரு சிறிய தட்டு வரும். எந்தக் குழுவின் தட்டு என்பது வந்த பிறகுதான் தெரியும். இரண்டாம் கேள்வியில் சொன்ன அட்டை இங்கே கிடையாது. வேண்டாம் என்று சொல்லவே வழியில்லை. முதல் மாதம் வந்தது நிர்வாணா என்ற, அப்போது ஊருக்கு வெளியே அதிகம் பேர் அறியாத குழுவின் முதல் தட்டு. கையால் எண்ணிட்ட 1000 பிரதிகள். சந்தாதாரர்களில் எத்தனை பேர் அதை ஒருமுறை கேட்டுவிட்டு ஓரமாக வைத்திருப்பார்கள் என்று நான் சில சமயம் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இந்தக் கிளப் எங்கிருந்து வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நிறுவனர்களில் ஒருவரான புரூஸ் பேவிட் 1980இல் ஒலிம்பியா நகரில் கையால் வெட்டி ஒட்டித் தயாரித்த ரசிகர் சிற்றிதழாகத்தான் சப் பாப் பிறந்தது. சில இதழ்கள் அச்சுக்குப் பதிலாகப் பல ஊர்க் குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்த கேசட்டாகவே வெளிவந்தன. எட்டு ஆண்டுகள் ரசிகராக இருந்து காதைப் பழக்கியவர் பிறகு சந்தா வாங்கினார். கொலம்பியா கிளப்பையும் இதையும் 'சந்தா' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவதால்தான் பலரும் குழம்புகிறார்கள்.

9. சந்தா என்பது நிறுவனத்தின் யோசனைதானே? ரசிகர்களாகவே சந்தா சேர்த்த கதை உண்டா?

அழகான ஒன்று உண்டு. 1931இல் லண்டனில் வால்டர் லெக் என்ற இளைஞர் ஹியூகோ வுல்ஃப் என்ற ஆஸ்திரிய இசையமைப்பாளரின் பாடல்களைத் தட்டாக வெளியிட விரும்பினார். விற்காது என்று இசைத்தட்டு நிறுவனம் தயங்கியது. 500 பேர் முன்கூட்டியே பணம் கட்டினால் பதிவு செய்யலாம் என்று ஏற்பாடாகி, வுல்ஃப் சங்கம் பிறந்தது. எலெனா கெர்ஹார்ட் பாடிய முதல் தொகுதி வந்தது. அதே வழியில் பேத்தோவன் சொனாட்டா சங்கம் அமைந்து, ஆர்தர் ஷ்னாபெல் 1932 முதல் 1935 வரை 32 பியானோ சொனாட்டாக்களையும் வாசித்துப் பதிவு செய்தார். அந்த 32 சொனாட்டாக்களும் முழுமையாகப் பதிவானது அதுவே முதல் முறை.

இங்கே சந்தாதாரர் செய்தது, வாங்குவதைக் காட்டிலும் பெரிய காரியம். அவர் பணம் கட்டாவிட்டால் அந்தத் தட்டே இருந்திருக்காது.

10. இதெல்லாம் பழைய கதை. ஸ்பாட்டிஃபை தானாகவே பரிந்துரை செய்கிறதே, அது போதாதா?

பலருக்குப் போதும், அதில் தவறும் இல்லை. 2015 ஜூலையில் வந்த 'டிஸ்கவர் வீக்லி' திங்கள்தோறும் 30 பாட்டுகளைக் கொடுக்கிறது. உங்களைப் போன்ற ரசனை கொண்ட மற்றவர்கள் எந்தப் பாட்டுகளைச் சேர்த்து வைக்கிறார்கள் என்பது அந்தக் கணக்கின் முக்கியமான அடிப்படை. அதாவது அதுவும் ஒரு ரசிகர் வட்டம்தான். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அறியாத, ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளாத வட்டம்.

பேச்சு இல்லாததுதான் குறை. ஒரு பாட்டு பிடிக்கவில்லை என்றால் அடுத்ததுக்குத் தாவிவிடுகிறீர்கள். 'அவசரப்படாதே, நான்காவது நிமிடத்தில் வயலின் நுழையும், அதற்காகக் காத்திரு' என்று சொல்ல ஆள் இல்லை. எனக்கு இன்று மிகப் பிடித்த இசையில் பாதி, முதல் முறை கேட்டபோது எரிச்சலூட்டியது. யாரோ ஒருவர் மீது வைத்த மரியாதையினால் மட்டுமே இரண்டாம் முறை கேட்டேன்.

11. ரசிகர் வட்டத்தில் புதிதாக ஏதாவது கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று மட்டம் தட்டுகிறார்கள். அதை எப்படிச் சமாளிப்பது?

அது நிஜம், வட்டங்களின் நாள்பட்ட நோய் அது. சில இடங்களில் மறைத்து வைப்பதே கலையாகிவிட்டது. இங்கிலாந்தின் வடபகுதியில் 'நார்தர்ன் சோல்' என்று பெயர் பெற்ற ரசிகர் கூட்டம், 1960களில் விற்காமல் போன அமெரிக்க சோல் (கறுப்பினக் கலைஞர்களின் ஒரு வகைப் பாட்டு) தட்டுகளைத் தேடிப்பிடித்து இரவு முழுவதும் ஆடியது. 1973 முதல் 1981 வரை விகன் நகரத்தின் கஸீனோ நடன அரங்கம் அதன் பெரிய கோயில். அங்கே தட்டு சுழற்றியவர்கள், போட்டியாளர் கண்டுகொள்ளக் கூடாது என்று தட்டின் லேபிளை மூடி, போலிப் பெயர் சொல்லி ஒலிபரப்புவார்கள். ஃபிராங்க் வில்சன் 1965இல் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடி, விற்பனைக்கு வராமலே அழிக்கப்பட்ட தட்டின் எஞ்சிய பிரதி ஒன்று எடி ஃபாஸ்டர் என்ற பெயரில்தான் அங்கே முதலில் ஒலித்தது. 2009இல் அதன் பிரதி ஒன்று 25,000 பவுண்டுக்கு மேல் விலை போனது.

சமாளிக்க என் வழி: 'எது சிறந்தது' என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு வாதம்தான் வரும். 'இதில் எனக்கு இன்ன இடம் பிடித்தது, இதைப் போல வேறு என்ன இருக்கிறது' என்று கேளுங்கள். மட்டம் தட்டுகிறவருக்குக்கூட இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க மனம் வராது.

12. கிளப்பில் பிடிக்காத தட்டு வந்தால் பணம் தண்டம்தானே?

நான் ஒரு சந்தாவில் ஓராண்டு இருந்தேன். பெயர் இங்கே தேவையில்லை. வந்த பன்னிரண்டில் மூன்றைத்தான் இப்போதும் போட்டுக் கேட்கிறேன். நான்கு தட்டுகளை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டேன். ஒன்று வளைந்தே வந்தது. மாற்றித் தருவதாகச் சொன்னவர்கள் பிறகு பதிலே போடவில்லை. கணக்குப் பார்த்தால் நட்டம்தான்.

ஆனாலும் அந்த மூன்றில் ஒன்று, நானாகத் தேடிப் போயிருக்கவே முடியாத எத்தியோப்பிய இசை. எனக்குத் தெரிந்த எந்த வட்டமும் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. ஆறாம் பதிலில் சொன்ன பக்கவாட்டுப் பயணத்தை, காசு கொடுத்தாவது, கிளப் செய்து வைத்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பணம் கட்டிவிட்டோமே என்ற வயிற்றெரிச்சல், பிடிக்காத தட்டையும் மூன்று முறை கேட்க வைக்கிறது. இலவசமாகக் கிடைப்பதற்கு அந்தப் பொறுமையை நாம் தருவதில்லை.

13. 'வரையறுத்த பிரதிகள்' என்று போடுகிறார்களே, வாங்கி வைத்தால் பின்னால் விலை ஏறுமா?

சில ஏறும், பெரும்பாலானவை ஏறாது. எட்டாம் பதிலில் சொன்ன முதல் தட்டு இன்று பெரும் விலைக்குப் போவது, அந்தக் குழு பின்னாளில் உலகப் புகழ் பெற்றதால். வண்ண வினைலும் எண்ணிட்ட உறையும் மட்டும் அந்த விலையைக் கொண்டுவரா. 2000இல் தொடங்கி ரசிகர்களே கட்டி எழுப்பிய டிஸ்காக்ஸ் என்ற இணையப் பட்டியலில் ஒவ்வொரு அச்சும் கடைசியாக என்ன விலைக்குப் போனது என்று பார்க்கலாம். கிளப்பின் பழைய தட்டுகளை அங்கே தேடிப் பாருங்கள்; சந்தா விலையை விடக் குறைவாகக் கிடைத்தால் அவசரப்பட்டுச் சேர வேண்டியதில்லை.

14. இங்கே இருந்துகொண்டு வெளிநாட்டுக் கிளப்பில் சேரலாமா?

சேரலாம், ஆனால் தட்டின் விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 180 கிராம் எடையுள்ள ஒரு தட்டு, உறையும் பெட்டியும் சேர்ந்து அரைக் கிலோவை நெருங்கும். விமானத் தபாலும் சுங்கமும் சேர்ந்து தட்டின் விலையைத் தாண்டிவிடுவது சாதாரணம். வெயில் காலத்தில் கிடங்கில் கிடந்தால் வளையும் ஆபத்தும் உண்டு. நான்கு பேர் சேர்ந்து, மூன்று மாதத் தட்டுகளை ஒரே பொட்டலமாக அனுப்பச் சொல்ல முடிகிற கிளப் என்றால் யோசிக்கலாம்.

15. கச்சேரியை ரசிகர்கள் பதிவு செய்து பரப்புவது திருட்டு இல்லையா?

அனுமதி இல்லாமல் செய்தால் சட்டப்படி தவறுதான். டெட் போன்ற குழுக்கள் அனுமதித்ததால் அங்கே அந்தக் கேள்வி எழவில்லை. அனுமதித்த இடத்திலும் எல்லை எது என்ற தகராறு வரும். 2005 நவம்பரில், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் இருந்த தம் பதிவுகளைத் தரவிறக்க முடியாதபடி நிறுத்துமாறு டெட் தரப்பினர் கேட்டுக்கொண்டனர், ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். கடைசியில், பார்வையாளர் பக்கமிருந்து எடுத்தவற்றைத் தரவிறக்கலாம், ஒலிபெருக்கி அமைப்பிலிருந்து நேரடியாக எடுத்தவற்றைக் கேட்க மட்டும் செய்யலாம் என்று முடிவானது. கலைஞர் வேண்டாம் என்று சொன்னால் பதிவு செய்யக் கூடாது, காசுக்கு விற்கவே கூடாது என்பதே என் நிலை. நம் சபாக்களில் செல்பேசியைத் தூக்கிப் பிடிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

16. சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எது?

வட்டம். காரணம் பணம் மட்டும் அன்று; நல்ல கிளப்பை நடத்துகிறவரின் காது வட்டத்தில்தான் பழகுகிறது. டெட் குழுவின் கதையே இதற்கும் சான்று. டிக் லட்வாலா என்ற டேப் சேகரிப்பாளரின் ஆர்வத்தைப் பார்த்து, 1985இல் தன் பதிவுக் காப்பறையை அவரிடமே ஒப்படைத்தது குழு. 1993 முதல் அவர் பெயரிலேயே தேர்ந்தெடுத்த கச்சேரிகள் வெளிவந்தன. அவர் 1999இல் இறந்தபின் பொறுப்பேற்ற டேவிட் லெமியூ, 2012 முதல் ஆண்டுக்கு நான்கு கச்சேரிகளைச் சந்தா முறையில் வெளியிடுகிறார். அந்தச் சந்தாவுக்கு முன்பணம் கட்டுகிறவர், கேட்டுத் தேய்ந்த ஒரு ரசிகரின் தேர்வை நம்பியே கட்டுகிறார்.

ஆகவே ஒரு கிளப்பில் சேரும் முன் மூன்று விஷயங்களை விசாரியுங்கள்: தேர்ந்தெடுப்பவர் யார், அவர் பெயரைச் சொல்கிறார்களா, கிளப் தொடங்கும் முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? 'எங்கள் நிபுணர் குழு' என்று மட்டும் போட்டிருந்தால் நான் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன்.

17. என்னிடம் ரெக்கார்டு பிளேயரே இல்லை. இதையெல்லாம் எங்கிருந்து தொடங்குவது?

ஹெட்ஃபோன் ஒன்று இருந்தால் போதும். நான்காம் பதிலில் வந்த 1977 மே 8 கச்சேரியை இரண்டு விதமாகக் கேளுங்கள்: முதலில் 2017இல் வெளிவந்த துல்லியமான அதிகாரபூர்வப் பதிவு, பிறகு ஆர்க்கைவில் இருக்கும், பார்வையாளர் நடுவிலிருந்து எடுத்த பதிவு. இரண்டாவதில் கிட்டார் கொஞ்சம் தள்ளி ஒலிக்கும். பக்கத்தில் இருப்பவர் கைதட்டுவதும் கத்துவதும் கேட்கும். எந்த இடத்தில் அரங்கம் ஆர்ப்பரிக்கிறது என்று குறித்துக்கொண்டு, ஏன் அங்கே என்று விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள்.